தாலி எடுத்துக் குடுக்கப்போற தம்பிக்கு

பத்திரிகையைப் பார்த்தேன் தம்பி. ஜோரா இருக்குது. மாப்பிள்ளை பேரு ஒரு வெரல் அகலம், பொண்ணு பேரு ஒரு வெரல் அகலம், அதுக்கு மேல "தலைமையேற்று நடத்தி வைப்பவர்"னு உன் பேரு ரெண்டு வெரல் அகலம். பேருக்குப் பின்னாடி பி.இ.ன்னு படிப்பு வேற. அந்த ரெண்டு பேப்பரு முடிஞ்சுதா, இன்னும் நிக்குதான்னு நான் கேக்கல. கல்யாணத்துக்கு அது தேவையில்ல.

உன் சிநேகிதன் ஆசைப்பட்டுக் கேட்டிருக்கான். ஐயரு வேணாம், கட்சிக்காரங்க வேணாம், அம்பத்தூர் எஸ்டேட்டுல ஒண்ணா ஷிஃப்டு பார்த்தவன் நீ, நீயே நின்னு நடத்தி வைடான்னு. நல்ல மனசு. ஆனா அன்னிலேர்ந்து நீ நடக்கற நடையே மாறிப்போச்சு. சலூன் கண்ணாடியாண்ட நின்னுகினு தொண்டையைக் கனைச்சுப் பார்க்கறியாமே? எட்டுப் பக்கத்துக்குப் பேச்சு எழுதி வெச்சிருக்கறதா உங்கம்மா சொல்லிச்சு. அதான் கூப்பிட்டேன். உக்காரு.

மொத சேதி. கொஞ்சம் மனசைத் திடம் பண்ணிக்கோ. அந்தக் கல்யாணம் செல்லுபடியாகறதுக்கு நீ தேவையே இல்ல.

மொறைக்காத. கிழவனுக்கு இன்னா தெரியும்னு பார்க்கற. ஏரிக்கரை ஓரம் இருந்த துண்டு நிலத்துக்காகப் பூந்தமல்லி கோர்ட்டுக்கும் ஐகோர்ட்டுக்கும் நடந்து நடந்து என் செருப்பு தேஞ்சது ஊருக்கே தெரியும். நிலம் வரல, சட்டம் வந்துச்சு. வக்கீல் ஊட்டுத் திண்ணையில உக்காந்துகினு கேட்டதுதான் இதெல்லாம்.

1955ல இந்து திருமணச் சட்டம்னு ஒண்ணு போட்டாங்க. அதுல தமிழ்நாட்டுக்குன்னு தனியா 7-ஏன்னு ஒரு பிரிவு சேர்த்திருக்காங்க. அது இன்னா சொல்லுதுன்னா, சொந்தக்காரங்க, சிநேகிதக்காரங்க, இல்ல வேற ஆளுங்க முன்னிலையில, ரெண்டு பேரும் அவங்களுக்குப் புரியற ஏதோ ஒரு மொழியில "இவங்களை நான் புருஷனா, பொண்டாட்டியா ஏத்துக்கறேன்"னு சொன்னா கல்யாணம். இல்லியா, மாலை மாத்திக்கினா கல்யாணம். மோதிரம் போட்டுக்கினா கல்யாணம். தாலி கட்டினாலும் கல்யாணம். இதுல ஏதாவது ஒண்ணு போதும். ஓமகுண்டம் வேணாம், ஏழடி வேணாம், புரோகிதரு வேணாம். சரி, நடத்தி வைக்கறவருன்னு ஒரு ஆளு வேணும்னு எங்கயாவது இருக்குதான்னு கேட்டா, இல்ல. சிநேகிதக்காரங்கன்ற கும்பல்ல நீயும் ஒருத்தன். மண்டபத்து வாட்ச்மேன் அந்தப் பக்கமா எட்டிப் பார்த்தாருன்னா அவரு "வேற ஆளுங்க" கணக்கு. உனக்கும் அவருக்கும் சட்டத்துல ஒரே மரியாதைதான். அவருக்காவது கையில விசிலு இருக்குது.

இத்தினி லேசா இருக்குதேன்னு நெனைக்காத. லேசா வரல. 1928ல அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தம்னு ஒரு ஊர்ல பெரியார் தலைமையில மொத சுயமரியாதைக் கல்யாணம் நடந்தது. மந்திரம் இல்ல, புரோகிதர் இல்ல. அப்பால ஊரு ஊராப் பரவிச்சு. ராகுகாலம்னு பார்த்தே வெச்சாங்க, எமகண்டம்னு பார்த்தே வெச்சாங்க. விதவைக்குக் கல்யாணம், சாதி மாறிக் கல்யாணம். ஆனா சொத்துன்னு ஒண்ணு வந்துச்சுன்னா பங்காளிங்க கோர்ட்டுக்குப் போயி "இது கல்யாணமே இல்ல, இந்தப் புள்ளைங்களுக்குப் பாத்தியதை இல்ல"ம்பாங்க. 1953ல ஐகோர்ட்டும் அப்படித்தான் சொல்லிச்சு: இது சாஸ்திரத்துலயும் இல்ல, பழைய வழக்கத்துலயும் இல்ல, செல்லாதுன்னு. நெனைச்சுப் பாரு. பேரன் பேத்தி எடுத்த கிழவி ஒருத்தி, கோர்ட்டு கணக்குல இன்னும் கன்னிப்பொண்ணு.

1967ல அண்ணா ஆட்சிக்கு வந்தாரு. அந்த வருஷமே சட்டசபையில மசோதாவைக் கொண்டாந்தாரு. 1968 சனவரில அது சட்டமாச்சு. அதுல ஒரு நல்ல வேலை பண்ணாங்க: அதுக்கு முன்னாடி நடந்த சுயமரியாதைக் கல்யாணங்களும் செல்லும்னு எழுதிட்டாங்க. சட்டம் வந்த அன்னிக்கு எத்தினி கிழவன் கிழவிங்க திண்ணையில வெத்தல இடிச்சுகினே புருஷன் பொண்டாட்டி ஆனாங்களோ, அவங்களுக்கே தெரியாது.

இத்தினி பேரு பாடுபட்டு இன்னாத்தைச் சம்பாரிச்சாங்க? நடுவுல ஒரு ஆளு இல்லாம ரெண்டு பேரு கட்டிக்கலாம்ன்றதைச் சம்பாரிச்சாங்க. அந்த நடு எடத்துல நீ பட்டு ஜிப்பா போட்டுகினு போயி நிக்கப்போற. அதனாலதான் சொல்றேன், கொஞ்சம் ஓரமா நில்லு.

அமெரிக்காவுல இந்த வேலை பெரிய வேலையாம். நம்ம எதிர் ஊட்டுப் பொண்ணு டல்லாஸ்ல இருக்குதே, அது சொல்லிச்சு. அங்க பல மாநிலத்துல சிநேகிதன் கல்யாணத்தை நடத்தி வைக்கணும்னா பாதிரி மாதிரி ஒரு பட்டம் இருக்கணும். அதுக்குன்னே யுனிவர்சல் லைஃப் சர்ச்சுன்னு ஒண்ணு 1962லேர்ந்து கலிபோர்னியாவுல இருக்குது. இன்டர்நெட்டுல பேரைக் குடுத்தா அன்னிக்கே பட்டம். வேதமும் படிக்க வேணாம், ஞாயித்துக்கிழமை கோயிலுக்கும் போக வேணாம். ஆனா சில மாநிலத்துல அந்தப் பட்டம் செல்லுமா செல்லாதான்னு கேஸே நடந்திருக்குதாம். உனக்கு அந்தத் தொல்லை இல்ல. பட்டமே வேணாம்னு இங்க அப்பவே முடிச்சுட்டாங்க. இருக்கற பட்டத்தைப் பத்திரிகையில போட்டதுதான் மிச்சம்.

சிரிச்சியா? இப்ப சிரிப்பை நிறுத்து.

கல்யாணம் ஒழுங்கா நடந்தா சட்டத்துக்கு உன்னைத் தெரியாதுன்னேன். கோணலா நடந்தா நல்லாவே தெரியும். பொண்ணுக்கு 18, புள்ளைக்கு 21 ஆகியிருக்கணும். ஒரு நாள் கொறைஞ்சாலும் அது கொழந்தைக் கல்யாணம். 2006ல வந்த சட்டத்துல அதை "நடத்தி வைக்கறவனுக்கு"ன்னே தனியா ஒரு பிரிவு இருக்குது: 2 வருஷம் வரைக்கும் கடுங்காவல், 1 லட்சம் வரைக்கும் அபராதம். எனக்குத் தெரியாது, நான் விசாரிச்சு நம்பித்தான் செஞ்சேன்னு நிரூபிக்க வேண்டியது உன் பொறுப்பு. பத்திரிகையில ரெண்டு வெரல் அகலத்துக்கு "நடத்தி வைப்பவர்"னு உன் பேரு இருக்கறதே போதும், போலீஸ்காரரு தேடவே வேணாம். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னு பெரியவங்க சொன்னது மாப்பிள்ளை சம்பளத்துக்கு. வயசுக்கு இல்ல. அதனால ரெண்டு பேரோட பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டையும் கண்ணால பாரு. சிநேகிதனாண்ட எப்படிக் கேக்கறதுன்னு கூச்சப்பட்டுகினு நிக்காத.

இன்னொண்ணும் கேளு: ஏற்கெனவே கல்யாணம் ஆச்சான்னு. கோச்சுக்கினாலும் பரவாயில்ல. 2001ல சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போன கேஸ் ஒண்ணு உண்டு. நம்ம தமிழ்நாட்டு ஆளுதான். பொண்டாட்டி இருக்கச் சொல்லவே இன்னொரு பொண்ணைக் கட்டிக்கினான். மொதப் பொண்டாட்டி கேஸ் போட்டா. அவன் இன்னா சொல்லி நின்னான் தெரியுமா? "ரெண்டாவது கல்யாணத்துல ஏழடி நடக்கல, அதனால அது கல்யாணமே இல்ல, அதனால நான் ரெண்டு கல்யாணம் பண்ணல." இன்னா மூளை பாரு! சாஸ்திரத்தை மீறிக் கட்டிக்கினவன் சாஸ்திரத்தையே குடையாப் புடிக்கறான். கோர்ட்டு 7-ஏவை எடுத்துக் காட்டிச்சு: தம்பி, உங்க ஊர்ல தாலி கட்டினாலே ஆச்சு, மாலை மாத்தினாலே ஆச்சு, ஏழடி எதுக்குன்னு. ஆளு மாட்டினான். அண்ணா கொண்டாந்த சட்டம் கட்டிக்கறவங்களுக்கு வாசலைத் தொறந்துச்சு, நழுவறவனுக்கு அதே வாசலைச் சாத்திச்சு. இதைக் கல்யாணத்தன்னிக்கு மேடையில சொல்லிடாத. மாப்பிள்ளையாண்ட தனியாச் சொல்லு, மூஞ்சி போற போக்கைப் பார்க்கலாம்.

அப்பால, இந்த 7-ஏ ரெண்டு பேரும் இந்துவா இருந்தாத்தான். புத்தம், சமணம், சீக்கியம் இந்தக் கணக்குலயே வருது. நம்ம பக்கத்துல ஒரு தெருவுல கோயிலு, அடுத்த தெருவுல சர்ச்சு, மூணாவது தெருவுல தர்கா. புள்ளைங்க ஒரே பஸ்ஸுலதான் காலேஜுக்குப் போவுது. பொண்ணு கிறிஸ்துவ ஊடு, புள்ளை நம்ம ஊடுன்னா உன் தலைமை செல்லாது. 1954ல போட்ட சிறப்புத் திருமணச் சட்டத்துல போகலாம். மொத நோட்டீஸ் குடுக்கணும், அது 30 நாள் ஆபீஸ் பலகையில தொங்கும். அந்த 30 நாள்ல ஊர்ல இருக்கற ஒண்ணு விட்ட சித்தப்பா எல்லாரும் படிக்கக் கத்துக்குவாங்க. அப்பால மூணு சாட்சியோட ஆபீசரு முன்னாடி ரெண்டு பேரும் வாயால சொல்லணும், கையெழுத்துப் போடணும். அந்த மூணு சாட்சியில நீ ஒருத்தனா இருக்கலாம். மேடை கெடைக்காது, பேனா கெடைக்கும். கல்யாணத்தை மலை மேல வெச்சுக்கலாம், திருப்பதிக்கு ரெண்டு மணி நேரம்தானேன்னு யாராவது சொன்னா, 7-ஏ தமிழ்நாட்டுச் சட்டம்னு ஞாபகம் வெச்சுக்கோ. ஊத்துக்கோட்டை தாண்டினா அது உன்கூட வராது.

ஒரு விஷயத்துல மட்டும் நான் கிண்டல் பண்ணமாட்டேன். பெத்தவங்களுக்குத் தெரியாம, சாதி மாறி, உசுரைக் கையில புடிச்சுகினு வர்ற ஜோடி உண்டு. நாளைக்கு அப்படி ஒரு ஜோடி, இவன் கல்யாணம் நடத்தி வெச்சவனாச்சேன்னு உன் ஊட்டுக் கதவைத் தட்டலாம். அங்க மைக்கும் வேணாம், பத்திரிகையும் வேணாம். வக்கீல் ஆபீஸ்ல நாலு பேரு மத்தியில மாலை மாத்தினாலும் அது கல்யாணம்தான். 2014ல ஐகோர்ட்டு, வக்கீல் ரூமுல ரகசியமா நடக்கறது செல்லாதுன்னு சொல்லிச்சு. 2023 ஆகஸ்டுல சுப்ரீம் கோர்ட்டு அதைத் தள்ளிடுச்சு: ஊரைக் கூட்டணும்னு சட்டத்துல இல்ல, வக்கீலும் தனி மனுஷனா, சிநேகிதனா நிக்கலாம்னு. மெரட்டல் இருந்தா போலீஸ் பாதுகாப்பு குடுக்கணும், ஜோடி தங்கறதுக்கு எடம் பார்க்கணும்னு 2018லயே உத்தரவு இருக்குது. அந்த மாதிரி கல்யாணத்துல நீ செய்ய வேண்டியது நல்ல வக்கீலா ஒருத்தரைப் புடிக்கறது, போட்டோவை ஃபேஸ்புக்குல போடாம இருக்கறது. ரெண்டாவது வேலைதான் உனக்குக் கஷ்டம்.

சரி, உன் கல்யாணத்துக்கு வருவோம். உன் சிநேகிதன் கல்யாணத்துக்கு. பார்த்தியா, எனக்கே வாய் தவறுது, நீ அப்படி அலையற.

உறுதிமொழி நீயே எழுதியிருக்கியாமே. "இல்லறப் பெருவாழ்வின் இணைபிரியா இருசிறகுகளாய்"னு இன்னாவோ வருதாம். மாப்பிள்ளைக்கே அது புரியாது. பொண்ணு ஆவடி குவார்ட்டர்ஸ்ல வளர்ந்தது, ஊட்டுல தெலுங்கு பேசுது. சட்டம் "அவங்களுக்குப் புரியற மொழி"ன்னு சொல்லுது. புரியாத மொழியில சொல்றாங்கன்னுதானப்பா ஐயரையே வேணாம்னாங்க? நீ அதே வேலையைச் செந்தமிழ்ல பண்ணா இன்னா அர்த்தம்? அந்தப் பொண்ணு தெலுங்குல சொல்லட்டும், அவன் தமிழ்ல சொல்லட்டும். ஏத்துக்கறேன்னு வரணும், பேரு சொல்லி வரணும், கடைசி வரிசைக்குக் கேக்கணும். பெரிய எழுத்துல அட்டையில எழுதிக் குடு. செல்போன்ல பார்த்துப் படிக்கறேன்னான்னா விடாத. சரியா "உன்னை என் வாழ்க்கைத் துணையாக"ன்னு வரச் சொல்ல லோன் வேணுமான்னு ஒரு பொண்ணு கூப்பிடும்.

தாலி உண்டா இல்லியான்னு முன்னாடியே கேட்டுக்கோ. ரெண்டு பேரும் வேணாம், மாலையே போதும்னு சொல்லியிருப்பாங்க. அப்படியே நடக்கும்னு நம்பிகினு மேடை ஏறாத. பொண்ணோட அம்மா முந்தானையில ஒண்ணு முடிஞ்சு வெச்சிருக்கும். மாலை மாத்தி முடிச்ச அப்பால அது அழுதுகினே அவுக்கும். அப்ப கொள்கை பேசிகினு நடுவுல நிக்காத. அது அந்தப் பொண்ணு முடிவு பண்ண வேண்டிய சமாச்சாரம். அது மூஞ்சியைப் பாரு. சரின்னா தட்டை வாங்கு, வேணாம்னா அம்மாவைக் கூப்பிட்டு மைக்கைக் குடுத்து ரெண்டு வார்த்தை ஆசீர்வாதம் பண்ணச் சொல்லு. மைக்கு கைக்கு வந்தா எந்த அழுகையும் நிக்கும். உன்னையே பாரேன்.

கெட்டிமேளம் யாரு சொல்றது? இதை யோசிச்சிருக்க மாட்ட. ஐயரு இருந்தா வெரலைத் தூக்குவாரு, தவிலுக்காரரு அவரு வெரலையே பார்த்துகினு இருப்பாரு. நீ இருக்கற கல்யாணத்துல அவருக்கு யாரைப் பார்க்கறதுன்னு தெரியாது. நீ பேச்சு நடுவுல கையை ஆட்டி ஆட்டிப் பேசுவ, அவரு பாவம், கையத் தூக்கிட்டாங்கன்னு அடிச்சுடுவாரு. சனங்க மஞ்சள் அரிசியை எறிஞ்சுட்டுப் பந்திக்கு எழுந்துடும். தாலி தட்டுலயே இருக்கும். அதனால காத்தாலயே போயி அவரைப் பார்த்து, ஒரு காபி வாங்கிக் குடுத்து, இந்தக் கைதான், இப்படித்தான் தூக்குவேன்னு பேசி வெச்சுக்கோ. அப்பால அந்தக் கையைப் பாக்கெட்டுல போட்டுக்கோ. வெளியில எடுக்காத.

மொத முடிச்சு மாப்பிள்ளை, மிச்சம் ரெண்டு நாத்தனாரு. பையனுக்கு அக்கா தங்கச்சி யாரு, எங்க நிக்கறாங்கன்னு பார்த்து வெச்சுக்கோ. அந்த நேரத்துல ஒருத்தி புடவை மாத்தப் போயிருப்பா. மாலை கோயம்பேட்டுலேர்ந்து வருதுன்னா கனம் பார்த்து வாங்கச் சொல்லு. இப்ப கட்டற மாலைக்கு மாப்பிள்ளை குனிஞ்சா நிமிர முடியல. பொண்ணு தலையில நெத்திச்சுட்டி, ஜடைபில்லை, அதுல நாரு மாட்டிக்கும். இழுத்தா ரெண்டு தலையும் முட்டும். அவிழ்த்து விடத் தெரிஞ்ச ஒரு அத்தை பக்கத்துலயே நிக்கட்டும். உனக்கு அது தெரியாது, கையை வைக்காத.

போட்டோக்காரங்க நாலு பேரு வருவாங்க. அவங்க மேடையில ஏறினா கீழ இருக்கறவனுக்கு ஒண்ணியும் தெரியாது. சனங்க முன்னிலையில நடக்கணும்னு சட்டம் சொல்லுது. இப்ப நடக்கறது எல்லாம் போட்டோக்காரரு முதுகு முன்னிலையில. அவங்களை ஓரமா நிறுத்தறதுதான் உன் தலைமைப் பதவியோட மொத்த அதிகாரம். நல்லா உபயோகம் பண்ணு. ஆனா துரத்திடாத. ரெண்டு பேரும் வாயைத் தொறந்து சொல்றதும், மாலை மாத்தறதும் தெளிவாப் பதிவாகணும். நாளைக்கு எவனாவது பங்காளி வருவான், அப்ப அந்தப் படம்தான் பேசும்.

நம்ம ஊரு தேரைப் பார்த்திருக்க இல்ல? வடம் புடிக்கறது ஊரு சனம். கீழ ஒருத்தன் முட்டுக்கட்டையை வெச்சுகினு சக்கரத்தாண்டயே நடப்பான். எவனும் அவனை போட்டோ எடுக்க மாட்டான். அவன் திருப்பத்துல கட்டையைச் சரியாப் போடலன்னா தேரு டீக்கடைக்குள்ள பூந்துடும். உன் வேலை அதுதான், சாமி மாதிரி மேல உக்காந்துகினு வர்றது இல்ல.

பேச்சு. ஆங், பேச்சுக்கு வரேன். பெரியாரும் கல்யாண மேடையில நீளமாத்தான் பேசினாரு. அங்க கல்யாணமே ஒரு கூட்டம் மாதிரி. அவரு சொன்னதை அதுக்கு முன்னாடி அந்த சனம் கேட்டதே இல்ல. நீ சொல்லப் போறதை அவங்க அன்னிக்குக் காத்தாலயே வாட்ஸ்அப்புல படிச்சுட்டு வந்திருப்பாங்க. குறள் சொல்லப்போறியா? நாப்பத்தஞ்சாவது குறள்தானே? உனக்கு முன்னாடி மாமனாரு சொல்லுவாரு, உனக்கு அப்பால கவுன்சிலரு சொல்லுவாரு, நடுவுல எல்.ஈ.டி. திரையில ஓடும். மாப்பிள்ளையும் நீயும் கட் அடிச்ச கதை, ராக்கி தியேட்டர்ல படம் பார்த்த கதை எதுவும் வேணாம். முக்கியமா, மாப்பிள்ளைக்கு முன்னாடி ஒரு பொண்ணு இருந்தாளேன்னு நீ தமாஷா ஆரம்பிக்காத. நீ ஆரம்பிப்ப, எனக்குத் தெரியும்.

ஐயரு காசு வாங்கிகினு வேலை செய்யறவரு. அடுத்த முகூர்த்தம் எட்டரைக்கு வேற மண்டபத்துல இருக்கும், அதனால சுருக்கா முடிப்பாரு. நீ காசு வாங்காத ஆளு. காசு வாங்காதவனுக்கு நேரமே தெரியாது, அதான் ஆபத்து. அடுப்பாங்கரையாண்டலேர்ந்து நெய் வாசனை வந்த அப்பால நீ பேசறது எதுவும் யாரு காதுலயும் ஏறாது. சமையக்காரரு எட்டிப் பார்த்தா, முடிச்சுடு.

முகூர்த்தம் பார்க்காத கல்யாணம்னா இன்னொரு சூட்சுமம் இருக்குது. ஞாயித்துக்கிழமை சாயந்திரம் நாலரைலேர்ந்து ஆறு ராகுகாலம். அன்னிக்கு எல்லாருக்கும் லீவு, ஆனா மண்டபம் காலியா இருக்கும். ஆடி மாசம்னா இன்னும் நல்லது. மண்டபத்துக்காரரே இறங்கி வந்து பேசுவாரு. கொள்கையும் நிக்கும், காசும் மிச்சமாகும். இந்தக் கொள்கை எனக்கு ரொம்பப் புடிச்சதுக்கு இதுவும் ஒரு காரணம்னு வெளியில சொல்லிடாத. ஆனா நல்ல நேரம்னு ஒண்ணு இல்லாததால சனம் அவங்கவங்க நேரத்துக்குத்தான் வரும். சி.டி.எச். ரோடுல பாடியாண்ட மாட்டினவன் ஒருத்தன், பூந்தமல்லியிலேர்ந்து ஊந்துகினு வர்றவன் ஒருத்தன், பட்டாபிராம் லோக்கலைத் தவற விட்டவன் ஒருத்தன். "மாமா இன்னும் வரலயே"ன்னு ஒவ்வொருத்தருக்கா நிறுத்தினா ராகுகாலமும் முடிஞ்சு நல்ல நேரம் வந்துடும், அப்பால உன் கொள்கை இன்னா ஆகும்?

முடிஞ்ச ஒடனே எல்லாரும் உனக்குக் கை குடுப்பாங்க. ஜிப்பாவைத் தடவிகினு நிக்காம, அடுத்த வாரமே ரெண்டு பேரையும் இட்டுகினு ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போ. தமிழ்நாட்டுல 2009லேர்ந்து எந்த மதத்துல, எந்த முறையில நடந்தாலும் கல்யாணத்தைப் பதிவு பண்ணியே ஆகணும். 90 நாளுக்குள்ள பண்ணணும். விட்டா இன்னும் 60 நாள், கூட கொஞ்சம் காசு கட்டி. அதையும் விட்டா அலைச்சல். பத்திரிகை, போட்டோ, வயசுக்கு, ஊட்டு முகவரிக்கு அத்தாட்சி, சாட்சிங்களோட ஆதார், எல்லாத்தையும் ஒரு பையில போட்டு வெச்சுக்கோ. ஊர்ல உன்னையத் தலைவருன்னாங்க இல்ல, சாட்சிக் கையெழுத்தும் நீதான் போடணும். வரிசையில நிக்கணும். அங்க நாற்காலி இருக்காது.

சிலரு அதுக்கும் ஒரு குறுக்கு வழி வெச்சிருக்காங்க. மொத சர்ட்டிபிகேட் வாங்கிக்கலாம், விசா வேணும், கம்பெனி குவார்ட்டர்ஸ் வேணும், கல்யாணத்தை அப்பால சாவகாசமா வெச்சுக்கலாம்னு. 2024ல சுப்ரீம் கோர்ட்டு அதையும் சொல்லிடுச்சு: இந்துக் கல்யாணத்துல சடங்கு நடக்காம வெறும் சர்ட்டிபிகேட்டு மட்டும் இருந்தா கல்யாணம் ஆயிடாதுன்னு. நம்ம ஊரு சடங்கு ஒரு மாலை மாத்தற நேரம். அதைக்கூடப் பண்ணாம கையெழுத்துப் போட்டுகினு அலையறவனை இன்னா சொல்றது?

இன்னொரு சேதி சொல்லிடறேன், கோச்சுக்காத. உன் சிநேகிதன் மொதல்ல என்னாண்டதான் வந்தான். "தாத்தா, நீங்கதான் தாலி எடுத்துக் குடுக்கணும்"னான். எனக்கும் ஆசைதான். ஆனா என் கையில மைக்கைக் குடுத்தா மத்தியானப் பந்தி ராத்திரிக்குப் போயிடும்டா, வாயே தொறக்காத ஆளு ஒருத்தனாப் பாருன்னேன். அப்படி யாரு தாத்தா இருக்காங்கன்னு கேட்டான். சின்ன வயசுல கடைக்கு அனுப்பினா இன்னா வேணும்னு கேக்கக் கூச்சப்பட்டுகினு திரும்பி வருவியே, அந்த ஞாபகத்துல உன் பேரைச் சொல்லிட்டேன். நீ எட்டுப் பக்கம் எழுதுவன்னு எனக்கு இன்னா தெரியும்?

அதை இப்படிக் குடு. ஒரு பக்கம்தானே எழுதியிருக்க, பின்னாடி காலியா இருக்குது இல்ல? மொய் எழுத நோட்டு வாங்கணும்னு உங்கம்மா சொல்லிகினு இருந்துச்சு.